நாக்அவுட்டுக்குப் பிறகு மீண்டும் கூண்டுக்குள் இறங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் கலந்த கூண்டுச் சண்டை) வீரன். நான்கு மாதம் முன்பு ஒரு போட்டியில் தலையில் உதை வாங்கி நாக்அவுட் ஆனேன். சில நொடிகள் நினைவில்லை. அன்று எடுத்த சி.டி. ஸ்கேன், பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. இரண்டும் நார்மல். அன்றாட வேலைகளில் தொந்தரவு எதுவும் இல்லை. மிட்ஸ் பயிற்சி (கோச் கையில் பிடிக்கும் மெத்தையைக் குத்துவது) மூன்றாவது ரவுண்டைத் தாண்டினால் மட்டும் தலை கனக்கிறது, அன்று இரவு தூக்கமும் சரியாக வருவதில்லை. எட்டு வாரத்தில் ஒரு ஃபைட் வந்திருக்கிறது. 7 கிலோ குறைக்க வேண்டும். ஸ்கேன் சரியாக இருப்பதால் ஒத்துக்கொள்ளலாம் என்கிறார் கோச். இறங்கலாமா?

பதில்: இந்தத் தேதியை ஒத்துக்கொள்ள வேண்டாம். கோச்சுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் போட்டியே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

ஸ்கேன் நார்மல் என்றால் மண்டைக்குள் ரத்தக் கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்று பொருள். நல்ல செய்திதான். ஆனால் கன்கஷன் எனப்படும் மூளையதிர்ச்சி பெரும்பாலும் இந்தப் படங்களில் தெரியாது. உதை விழுந்து தலை சட்டென்று சுழலும்போது மூளையின் நரம்பிழைகள் இழுபடுகின்றன. நரம்புச் செல்களின் உள்ளும் வெளியிலும் உள்ள உப்புகளின் சமநிலை குலைகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்குக் கூடுதல் சக்தி தேவைப்படுகிற அதே நேரத்தில் அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது.

எலும்பு முறிவில் இந்தக் குழப்பம் கிடையாது. எம்.எம்.ஏ. வீரர் ஆண்டர்சன் சில்வாவுக்கு 2013 டிசம்பரில் நடந்த ஃபைட்டில் கால் எலும்பு முறிந்தது. 2015 ஜனவரியில் திரும்பி வந்து சண்டையிட்டார். எலும்பு கூடிவிட்டதா என்பதை எக்ஸ்ரேயில் பார்த்துவிடலாம். மூளைக்கு அப்படி ஓர் எக்ஸ்ரே இல்லை. உடலை வருத்தும்போது அறிகுறி வருகிறதா என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறோம். உங்களுக்கு மூன்றாவது ரவுண்டில் வருகிறது. உங்கள் கேள்வியில் ஸ்கேன் முடிவுகளைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒரு வரிதான்.

விளையாட்டு மூளையதிர்ச்சி பற்றி 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்கள், களத்துக்குத் திரும்ப ஆறு படிகளைச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அன்றாட வேலைகள். பிறகு நடை, சைக்கிள் போன்ற ஏரோபிக் பயிற்சி. மூன்றாவது, தனியாகச் செய்யும் விளையாட்டுப் பயிற்சி. நான்காவது, அடி வாங்காத கடினப் பயிற்சி. உங்கள் மிட்ஸ் இங்கேதான் வருகிறது. ஐந்தாவது ஸ்பாரிங், அதாவது சக வீரரோடு பயிற்சிச் சண்டை. ஆறாவது போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். நான்காவது படியிலோ அதற்கு மேலோ அறிகுறி தலைகாட்டினால் மூன்றாவதுக்கு இறங்கிவிட வேண்டும். நீங்கள் இப்போது செய்ய வேண்டியதும் அதுதான். பயிற்சிக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்காதீர்கள். அறிகுறி மறையும், காரணம் அப்படியே இருக்கும். நாக்அவுட்டுக்குப் பிறகு போட்டி ஆணையங்கள் விதிக்கும் 60 நாள், 90 நாள் தடையெல்லாம் குறைந்தபட்ச அளவு. நாள் முடிந்ததாலேயே குணமாகிவிட்டதாக ஆகாது.

நம்பிக்கை தரும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. இத்தனை நாள் நீடிக்கும் தொந்தரவுக்குப் பல சமயம் மூளை மட்டுமே காரணமாக இருப்பதில்லை. தலையில் விழுந்த உதை கழுத்தையும் பதம் பார்த்திருக்கும். கழுத்து மூட்டு, தசைகளிலிருந்து கிளம்பும் தலைக்கனம் பிசியோதெரபியில் நன்றாகவே குறையும். உள்காதின் சமநிலை உறுப்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அருகில் வரும் பொருளின் மீது இரண்டு கண்களும் ஒன்றுசேர்ந்து குவிவதில் சிரமம் இருக்கலாம். வேகமாக நகரும் மிட்டைப் பார்த்துக் குத்தும்போது அது தெரியவரும். இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பயிற்சிகள் உண்டு. டிரெட்மில்லில் படிப்படியாக வேகமும் ஏற்றமும் கூட்டி, எந்த இதயத் துடிப்பில் அறிகுறி வருகிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. அந்த அளவுக்குச் சற்றுக் கீழே தினமும் பயிற்சி செய்தால் தாங்கும் திறன் மெல்ல ஏறும். முழு ஓய்வு எடுத்து வீட்டில் படுத்துக் கிடக்கத் தேவையில்லை.

போட்டி நாளைவிட அதற்கு முந்தைய ஸ்பாரிங் வாரங்கள்தான் எனக்கு அதிகக் கவலை. போட்டி பொதுவாக ஐந்து நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு, நடுவர் நிறுத்துவார். ஸ்பாரிங்கில் வாரக்கணக்கில் தலையில் அடி விழும், யாரும் எண்ணுவதில்லை. ஹெட்கியர் போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. முழுதாக ஆறாத மூளையில் இன்னோர் அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தான வீக்கம் வரலாம். அது அரிது. ஆனால் எதிர்வினை மந்தமாகி, தவிர்த்திருக்கக்கூடிய அடியை வாங்குவதும், தொந்தரவு மாதக்கணக்கில் நீள்வதும் அவ்வளவு அரிதல்ல.

அப்புறம் அந்த 7 கிலோ. உணவைச் சரிசெய்து மெதுவாகக் குறைப்பது வேறு. கடைசி நாட்களில் தண்ணீரை நிறுத்தி, நீராவி அறையில் வியர்த்துக் குறைப்பதாக இருந்தால் கூடவே கூடாது. உடலில் நீர் வற்றினாலே தலைவலி, தலைசுற்றல் வரும்; எது எதனால் என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 2015-இல் இப்படி எடை குறைக்கும்போது ஒரு இளம் வீரர் இறந்தார். அதன் பிறகுதான் எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் நீர் வற்றவைத்து எடை குறைப்பதைத் தடை செய்தது. தொந்தரவு முழுதும் போன பிறகு, முடிந்தால் ஒரு எடைப் பிரிவு மேலே போய்ச் சண்டையிடுங்கள்.

இப்போதைக்கு மிட்ஸை நிறுத்திவிட்டு, மூளையதிர்ச்சியில் அனுபவமுள்ள விளையாட்டு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். கண்ணில் மின்னல், மிதக்கும் புள்ளிகள், திரை விழுந்த மாதிரி மறைப்பு தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும், விழித்திரை விலகியிருக்கலாம். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி, குழறல், கை கால் பலவீனம் வந்தாலோ நேராக அவசரப் பிரிவுதான். மருத்துவரிடம் போகும்போது உங்களோடு வசிக்கும் ஒருவரையும் அழைத்துப் போங்கள். மறதி, எரிச்சல் போன்ற மாற்றங்களை உங்களுக்கு முன்பே அவர்கள் கவனித்திருப்பார்கள்.