10080 காரணிகள்

கேள்வி: 6746328388800 என்ற எண்ணுக்கு 10080 காரணிகள் உண்டு என்று படித்தேன். ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்காமல் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அந்த எண்ணுக்கு என்ன சிறப்பு?
(கல்லூரி மாணவி, கரூர்)

பதில்: 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. பார்க்க மலைப்பாக இருந்தாலும், பகா எண்களால் மட்டும் வகுத்துக்கொண்டே போனால் ஒரு தாளில் முடிந்துவிடும். 2-ஆல் ஆறு முறை வகுத்தால் 105411381075. அதை 3-ஆல் நான்கு முறை, 5-ஆல் இரண்டு முறை, 7-ஆல் இரண்டு முறை வகுத்தால் மிஞ்சுவது 1062347.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். இது 2, 3, 5, 7 எதிலும் மீதியின்றி வகுபடாது என்பதால் பகா எண் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் விடை வெறும் 630 ஆகிவிடும். ஓர் எண்ணைப் பகா எண் என்று சொல்ல, அதன் வர்க்கமூலம் வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். இங்கே அது 1030 வரை. அவ்வளவு தூரம் போகத் தேவையும் இல்லை. இலக்கங்களை வலமிருந்து கூட்டிக் கழித்துப் பாருங்கள்: 7−4+3−2+6−0+1 = 11. இந்த விடை 11-ஆல் வகுபடுவதால் எண்ணும் 11-ஆல் வகுபடும். தொடர்ந்தால் 11×13×17×19×23 என்று முழுதாகப் பிரியும்.

இப்போது அடுக்குகள்: 6, 4, 2, 2, பிறகு ஐந்து 1-கள். ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும். ஒரு காரணியை அமைக்கும்போது 2-ஐச் சேர்க்காமலே விடலாம், அல்லது ஒன்று முதல் ஆறு முறை வரை சேர்க்கலாம். ஆக 7 வழிகள். மற்றவற்றுக்கும் அப்படியே. 7×5×3×3×2×2×2×2×2 = 10080. இந்த 1-ஐக் கூட்ட மறப்பதுதான் தேர்வுத் தாள்களில் அடிக்கடி காணும் பிழை.

சிறப்பு என்னவென்றால், இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இத்தகைய எண்களை உயர் பகு எண்கள் என்கிறோம். 12, 60, 360 எல்லாம் இந்த வகைதான்.

கேள்வி: அடுக்குகள் எங்கும் ஏறாமல் வந்தால் அது உயர் பகு எண் என்று சொல்லிவிடலாமா?

பதில்: கூடாது. எங்காவது ஏறினால் நிச்சயம் இல்லை: நம் எண்ணில் 2-இன் அடுக்கையும் 3-இன் அடுக்கையும் இடம் மாற்றினால் காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் 2.25 மடங்காகும். ஆனால் மறுதலை உண்மையல்ல. 210 = 2×3×5×7, காரணிகள் 16. அதைவிடச் சிறிய 120-க்கும் 16, 180-க்கோ 18!

கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகவே இருக்கும், 4, 36 இரண்டைத் தவிர. இதை நிறுவியவர் ராமானுஜன், 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்த நீண்ட கட்டுரையில். அதிலுள்ள பட்டியல் முடிவதே நம் 6746328388800-இல்தான். அதிலிருந்து 23-ஐ மட்டும் நீக்குங்கள்: 293318625600, காரணிகள் 5040. இதுவும் உயர் பகு எண்தான். அந்தப் பட்டியலில் விடுபட்டுப்போனது.