யாழ்ப்பாணத்தில் பாடசாலை வாசல்களில் ஏற்படும் வாகன நெரிசலைக் குறைக்க என்ன செய்யலாம்? பொலிஸார் நின்றால் போதுமா?

போதாது. பொலிஸார் நிற்கும் நாளில் எல்லாரும் ஒழுங்காக நிற்பார்கள். அவர்கள் வேறு கடமைக்குப் போன நாளில் பழைய கதைதான். கேள்வியைப் பார்த்தால் நீங்கள் பிள்ளையை ஏற்றி இறக்கும் பெற்றோராக இருக்க வேண்டும். அப்படியானால் நான் சொல்வது கசக்கலாம். பாடசாலை வாசலில் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆபத்தின் பெரும் பங்கு, "என் பிள்ளையை வாசலிலேதான் இறக்குவேன்" என்று நிற்கும் பெற்றோரால் வருவது.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். பல வருடங்கள் மாணவர் ஒழுக்கத்துக்குப் பொறுப்பாக இருந்ததால், காலை ஏழரை மணிக்கு முன்னும் மதியம் ஒன்றரை மணிக்கும் வாசலில் நிற்பது என் வேலை. எங்கள் பாடசாலையின் முன்பக்கம் பஸ் ஓடும் பிரதான வீதி. பின்பக்கம் ஓர் ஒழுங்கை. பின்வாசல் எப்போதும் பூட்டியே கிடக்கும். யாழ்ப்பாணத்துப் பழைய பாடசாலைகள் பலவற்றின் அமைப்பும் இதுதான். காங்கேசன்துறை வீதியில் மாட்டுவண்டி ஓடிய காலத்தில் வைத்த வாசல்கள் இவை. 2009க்குப் பின் வீதிகளை அகலமாக்கிக் காப்பெட் போட்டார்கள், லீசிங்கில் மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன, வாசல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஒருநாள் மதியம் ஏழாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி, வாசலுக்கு எதிரே நின்ற இரண்டு வான்களுக்கு நடுவால் வெளியே வந்தாள். மோட்டார் சைக்கிள் மோதிக் கால் முறிந்தது. மோதியவர் எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருவரின் தகப்பன்தான். தன் பிள்ளையை ஏற்ற நேரமாகிவிட்டது என்று அவசரமாக வந்தவர். வீதியோரத்தில் குந்தியிருந்து தலையில் அடித்து அழுதார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வானின் உயரத்துக்குப் பின்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்கும் வீதி தெரியாது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர், பிள்ளையைக் கண்டபின் வண்டியை நிறுத்த ஏறத்தாழ 28 மீற்றர் வேண்டும். 30 கிலோமீற்றர் வேகத்தில் 13 மீற்றர் போதும். நடப்பவர்களும் வாகனங்களும் கலக்கும் இடங்களில் 30க்கு மேல் வேண்டாம் என்று 2020இல் வீதிப் பாதுகாப்புக்கான உலக அமைச்சர்கள் மாநாட்டின் ஸ்டொக்ஹோம் பிரகடனம் சொன்னதற்குக் காரணமும் இந்தக் கணக்குத்தான். ஆனால் வாசலின் இருபுறமும் வாகனம் அடைத்து நின்றால் அந்த 13 மீற்றரும் கிடைக்காது.

விபத்துக்குப் பின் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எல்லாரும் பொலிஸையும் வேகத்தடையையும் கேட்டார்கள். நான் பின்வாசலைத் திறக்கக் கேட்டேன். ஒருவரும் காதில் போடவில்லை. பிறகு 2022 வந்தது. நாட்டில் பொருளாதார நெருக்கடி, பெற்றோல் இல்லை. பாடசாலை நடந்த நாட்களில் பிள்ளைகள் சைக்கிளிலும் நடந்தும் வந்தார்கள். வாசல் முன்னால் வீதி வெறிச்சென்று கிடந்ததை அதிபரே தன் கண்ணால் பார்த்தார். எரிபொருள் திரும்பி வந்தபோது அவர் என் பக்கம் நின்றார்.

ஏற்பாடு மிக எளிமையானது. மணி அடித்ததும் சைக்கிள் பிள்ளைகள் பின்வாசலால் ஒழுங்கைக்குப் போவார்கள். நடந்து போகிறவர்களும் பஸ்ஸுக்குப் போகிறவர்களும் முன்வாசலால் போவார்கள். அவர்கள் கடந்து முடியும் வரை, வாகனத்தில் போகும் பிள்ளைகள் மண்டபத்தில் இருப்பார்கள். பெற்றோரும் வான்களும் வாசலுக்கு வரக் கூடாது. சற்றுத் தள்ளியிருந்த கோயிலின் வெளியில் நிற்க, கோயில் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கினோம். சின்ன வகுப்புப் பிள்ளைகளை ஓர் ஆசிரியர் வரிசையாக அங்கே கூட்டிப் போவார்.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பெரிய பதவியில் இருந்த ஒருவர் காரை வாசலுக்குக் குறுக்கே விட்டுவிட்டு, "சேர், என் பிள்ளை இந்த வெயிலில் நடக்க வேண்டுமா?" என்று கேட்டார். "மற்றப் பிள்ளைகளும் இதே வெயிலில்தான் நடக்கிறார்கள், ஐயா" என்றேன். கல்வித் திணைக்களத்துக்கு என்மேல் முறைப்பாடு போனது. அதற்காக நான் வாசலை விட்டு விலகவில்லை. நான் ஓய்வு பெறும் வரை அந்த வாசலில் இன்னொரு பிள்ளை அடிபடவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

"எங்களுக்கு வேலை இருக்கிறது, காத்து நிற்க நேரமில்லை" என்று சிலர் இங்கே எழுதக்கூடும். நேரமில்லாதவர்களை நான் குறை சொல்லவில்லை. தலைக்கவசம் இல்லாத பிள்ளையைப் பெற்றோல் தாங்கியின் மேல் இருத்தி, இன்னும் இரண்டு பேரைப் பின்னால் ஏற்றி வருபவர்களைத்தான் சொல்கிறேன். மாணவத் தலைவர்களைக் கொடியோடு வீதியில் நிறுத்தலாமே என்றும் கேட்பார்கள். வளர்ந்தவர்களுக்கே நிறுத்தாத மினிபஸ்ஸின் முன்னால் பதினாறு வயதுப் பிள்ளையை நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாசலுக்கு அருகில் இருந்த பாதசாரிக் கடவைப் பலகையை மறைத்து, புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படங்களோடு பதாகை கட்டியிருந்தார்கள். அவிழ்க்கச் சொன்னதற்கு என்னைப் பொறாமைக்காரன் என்றார்கள். பத்து வயதுப் பிள்ளைகளைத் தேர்தல் வேட்பாளர் போல வீதியில் தொங்கவிடுவது எந்த வகைப் பாராட்டு? ஒரு புள்ளியால் தவறிய பிள்ளை தினமும் அதன் கீழால் நடந்துதானே வகுப்புக்குப் போகிறது? பலகை மறைந்ததைவிட அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கடவைக் கோடு அழிந்திருந்தால், கடிதம் எழுதுமுன் வீதி யாருடையது என்று பாருங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கும், உள்வீதிகள் மாநகர சபை அல்லது பிரதேச சபைக்கும் உரியவை. தவறான அலுவலகத்துக்கு எழுதினால் கடிதம் மேசைக்கு மேசை அலையும். பின்வாசல் திறப்பதாக முடிவானால், திறப்பு (சாவி) யாரிடம் இருக்கும், அவர் லீவில் நின்றால் யார் திறப்பது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள். எங்களுக்கு ஆரம்பத்தில் இழுபறி வந்தது அதில்தான்.