பத்தாம் வகுப்பு படிக்கும் மகனிடம் மாற்றம் தெரிகிறது. வயசுக் கோளாறா, போதைப் பழக்கமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரெண்டு மாதமாகப் பையன் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான், டியூஷன் முடிந்து தாமதமாக வருகிறான், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே குழப்பத்தில் நான் நாலு மாதம் கிடந்தேன்.

எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டம், மார்த்தாண்டம் பக்கம். வீட்டுக்காரர் சவுதியில். வீட்டில் நான், மாமியார், மகன். அவனும் அப்போது பத்தாம் வகுப்பு. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் என்றால் உயிரை விடுகிறவன், திடீரென்று கறியைத் தொடாமல் கிழங்கை மட்டும் தின்றுவிட்டு எழ ஆரம்பித்தான். கேட்டால் "எரியுதும்மா" என்பான். சூட்டில் வாய் வெந்திருக்கிறது என்று நானே முடிவு கட்டி மணத்தக்காளிக் கீரையும் மோரும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் துணி துவைக்கும்போது அவன் சட்டைப் பையில் வெள்ளையாக, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பொட்டலம் இருந்தது. புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஈரம் இழுக்கப் போட்டிருப்பார்களே, அதுதான் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். லேசாகப் புதினா வாசனை வந்தது. அதையும் யோசிக்கவில்லை.

அது கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கி வைக்கிற புகையிலை. புகை வராது, பீடி நாற்றம் வராது. வகுப்பில் வாத்தியார் முன்னாலேயே வைத்துக்கொண்டு உட்காரலாம். தமிழ்நாட்டில் குட்கா, புகையிலை கலந்த பான் மசாலாவுக்கெல்லாம் 2013 முதலே தடை. ஆனாலும் பிள்ளைகள் கைக்கு வந்துவிடுகிறது.

பல் வலி என்று அவனைக் கூட்டிப்போனபோதுதான் தெரிந்தது. டாக்டர் கீழுதட்டை மடக்கிக் காட்டினார். உள்ளே ஒரே இடத்தில் வெளுத்துச் சுருங்கிப்போன திட்டு. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் பத்து நிமிடம் பேசினார். பிறகு என்னிடம், "நிறுத்திட்டா இந்தத் திட்டு பெரும்பாலும் மறைஞ்சிடும். ரெண்டு வாரம் கழிச்சு கண்டிப்பா காட்டுங்க. வீட்டுல போய் அடிச்சிராதீங்க" என்றார்.

அடிக்கவில்லை. ஆனால் கத்தினேன். வீடியோ காலில் அவன் அப்பாவையும் கூப்பிட்டுக் கத்தவைத்தேன். அவன் வாயை மூடிக்கொண்டான். கடைசியில் என் மாமியார்தான் ஒரு ராத்திரி அவன் தலையைத் தடவிக்கொண்டே, "மக்களே, இத உனக்கு ஆரு தந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். டியூஷன் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரிய பையன் முதல் நாலு நாள் சும்மா கொடுத்தானாம், அப்புறம் காசாம். அழுதுகொண்டே எல்லாம் சொன்னான். நான் ரெண்டு வாரம் கத்தியும் வராத விஷயம் அது.

யோசித்துப் பார்த்தால், எல்லா அடையாளமும் என் கண் முன்னாலேயே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு பெயர் வைத்துவிட்டேன். வாய் எரிந்தால் சூடு, கோபம் வந்தால் வயசு, தூங்காவிட்டால் பரீட்சை. அதனால் உங்களுக்கு நான் சொல்வது, உங்கள் மகனை ஊரில் மற்ற பையன்களோடு ஒப்பிடாதீர்கள், போன வருஷம் இருந்த அவனோடு ஒப்பிடுங்கள். எது மாறியது, எப்போதிலிருந்து என்று காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரே சமயத்தில் மூன்று, நான்கு மாறியிருந்தால் பெயர் வைக்காமல் விசாரியுங்கள்.

எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. பாக்குப் பழக்கம் நாள்பட்டால் வாய் திறப்பது குறையும். அவனுடைய மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைக்க முடிகிறதா பாருங்கள். ரெண்டு வாரத்தில் ஆறாத எந்த வாய்ப்புண்ணையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் பெரியவர்களின் வலி மாத்திரை, தூக்க மாத்திரை இருந்தால் அட்டையில் எத்தனை இருக்கிறது என்று எண்ணி, பூட்டி வையுங்கள். நிக்கோடினை நிறுத்தினால் முதல் சில நாள் கோபமும் தூக்கமின்மையும் அதிகமாகும், சில வாரத்தில் தணியும். அந்த நாட்களில் "திருந்தவே மாட்டான்" என்று கைவிட்டுவிடாதீர்கள். நானே அப்படி நினைத்தேன்.

போதையை மட்டும் தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். அவன் தாமதமாக வருவதற்குப் பைக் காரணமாக இருக்கலாம். 18 வயது ஆகாதவன் பைக் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் உண்டு, அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. கடல் காரணமாக இருக்கலாம். 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துக்கொண்டு போனது நமக்கு மறக்காது. காற்றே இல்லாமல் சும்மா கிடக்கிற கடல் திடீரென்று எழும்புவதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். எச்சரிக்கை வந்த நாளில் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரிந்து வைத்திருங்கள்.

மனச்சோர்வும் இந்த வயதில் அழுகையாக வராமல் எரிச்சலாகவே வரலாம். சாவைப் பற்றி ஏதாவது பேசினால், "சாகணும்னு தோணுதா மக்களே?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416 அல்லது 104 என்ற அரசு உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். நேரில் போக நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் விற்பவர்களைப் பற்றி 10581-ல் சொல்லலாம். நாங்கள் சொன்னோம்.

உங்கள் மகனிடம் எப்படி ஆரம்பிப்பது என்றால், முகத்துக்கு நேராக உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். கடைக்குப் போகும்போது கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். நடந்துகொண்டே, "கொஞ்ச நாளா நீ சரியா தூங்கலன்னு தோணுது, என்னன்னு சொல்லு, நான் திட்ட மாட்டேன்" என்று கேளுங்கள். முதல் நாள் ஒன்றும் சொல்ல மாட்டான். மறுநாளும் கூட்டிக்கொண்டு போங்கள்.