ஆசாரியிடம் கேளுங்கள்: வாள் தின்ற பலகை

கேள்வி: ஐயா, சாமி மேடை செய்ய எட்டுக்கு நாலு பிளைவுட் வாங்கினேன். நீளம் 244 செ.மீ. ஒவ்வொன்றாக 61 அளந்து அறுத்துக்கொண்டே போனேன். மூன்று துண்டு சரி, நாலாவது 60.1 தான் வந்தது. மரக்கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
- வாசகர், பீடோர்

பதில்: அவர் மேல் பழி போடாதீர்கள் தம்பி, தின்றது உங்கள் வாள். பிளேடு பல்லின் கனம் 3 மி.மீ. என்றால் ஒவ்வொரு அறுப்பிலும் அவ்வளவு மரம் தூளாகக் கொட்டும். மூன்று அறுப்புக்கு 9 மி.மீ. உங்கள் கணக்கு அச்சாகப் பொருந்துகிறதே! நாலையும் 60 ஆக்கிவிடுங்கள். மேடை ஒரு சென்டிமீட்டர் ஒல்லியானால் சாமி கோபிக்க மாட்டார்.

உங்களுக்குப் போனது தூள். எனக்குப் போனது இரண்டு வாரக் கூலி. அளவு டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடும், பார்த்திருப்பீர்கள். வெளியே மாட்டி இழுத்தாலும் உள்ளே முட்டவைத்தாலும் அளவு ஒன்றாக வரவேண்டும் என்றுதான் கொக்கியின் கனத்துக்கு ஆடவிட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் அது தெரியாமல், 'லொடலொடங்குதே' என்று சுத்தியலால் தட்டி இறுக்கிவிட்டேன். பிறகு அந்தக் கொக்கியை நம்ப முடியவில்லை. 10 செ.மீ. கோட்டை மரத்தின் முனையில் வைத்து அளக்கப் பழகினேன்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்குச் செங்கால் என்ற கெட்டி மரத்தில் கதவு நிலை. கால் 210 வேண்டும். 220-இல் குறிக்க வேண்டியவன், பேச்சு சுவாரஸ்யத்தில் 210-இலேயே பென்சிலை வைத்து அறுத்தும் தள்ளிவிட்டேன். 10 செ.மீ. குட்டை! நிலைக்காலில் ஒட்டுப் போட்டால் வீட்டுக்காரம்மா விடுவாரா? புது மரம் என் கைக்காசு. அந்தக் குட்டைக் கால் இன்னும் என் வாசலில் பெஞ்சாகக் கிடக்கிறது. செங்கால் ஆயிற்றே, அத்தனை மழையிலும் மக்கவில்லை.

கேள்வி: மறுநடவுக்கு வெட்டிப் போட்ட பால்மரத்தை (ரப்பர் மரம்) இனாமாகத் தருகிறார்கள். அலமாரி செய்யலாமா?
- வாசகி, தாப்பா

பதில்: பச்சையாக வேண்டாம் அம்மா. வெட்டிய சில நாளிலேயே நீலக்கறை பிடிக்கும், துளைக்கும் வண்டும் ஏறும். மில்லில் போரான் மருந்து ஏற்றி உலர்த்திய பால்மரப் பலகை கடையில் கிடைக்கும். இனாம் மரம் அடுப்புக்கு ஆகட்டும்.