கல்விக் கேள்வி-பதில்: மைக்ரோபயாலஜி படிக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜிதான் படிப்பேன் என்கிறாள். தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு ஃபீஸ் 40,000, ஹாஸ்டல் 40,000. மூன்று வருடத்துக்கும் சேர்த்து 2,40,000 ரூபாய் கடன் தருவதாக வங்கியில் சொல்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: ஃபீஸுக்கு வாங்கலாம். ஹாஸ்டலுக்கு வேண்டாம்.

வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி வருடா வருடம் 80,000 ரூபாயாகப் பிரித்துத்தான் தரும். படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். முதல் 80,000க்கு நான்கு வருட வட்டி 32,000, இரண்டாவதற்கு 24,000, மூன்றாவதற்கு 16,000. ஆக, தவணை தொடங்கும்போது கடன் 3,12,000 ஆகியிருக்கும். ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 5,180 ரூபாய் வேண்டும். பதினைந்து வருடமாக நீட்டினால் 3,350தான், ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் ஆறு லட்சத்தைத் தாண்டிவிடும்.

இனி வரவு. மருந்து கம்பெனியிலோ உணவு, தண்ணீர் பரிசோதனை லேபிலோ முதல் சம்பளம் 15,000 என்று கொள்ளுங்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 113 போக, கைக்கு வருவது சுமார் 13,450. வெளியூர் என்றால் அறை வாடகையும் சாப்பாடும் அதிலிருந்துதான். எனவே தவணை கைச்சம்பளத்தில் கால்பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 3,360. ஃபீஸுக்கு மட்டும் 1,20,000 வாங்கினால் வட்டியோடு 1,56,000 ஆகும். ஏழு வருடத் தவணை 2,590. தாங்கும்.

படிக்கும்போதே வட்டியைக் கட்டிவர முடிந்தால் இன்னும் நல்லது. முதல் வருடம் மாதம் 333, அடுத்த வருடம் 667, பிறகு 1,000 ரூபாய். அப்படிக் கட்டினால் அசல் 1,20,000 அப்படியே நிற்கும், தவணை 1,990 ஆகக் குறையும். இப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு. கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு வையுங்கள்.

பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் அரசுக் கல்லூரி இருந்தால் கடனே வேண்டாம். அங்கே மைக்ரோபயாலஜி இல்லாவிட்டாலும் விலங்கியலோ உயிர்வேதியியலோ படித்துவிட்டு எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜிக்குப் பல பல்கலைக்கழகங்களில் போகலாம். தனியார் கல்லூரியின் '100 சதவீதம் பிளேஸ்மென்ட்' பேனரை நம்பாதீர்கள், கால் சென்டர் வேலையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். போன வருடம் இதே துறையில் முடித்த நாலைந்து பேர் எந்த வேலையில் இருக்கிறார்கள், கைக்கு எவ்வளவு வருகிறது என்று விசாரியுங்கள்.

கேள்வி: மகன் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டான். பழைய கடன் இருக்கும்போதே எம்.எஸ்ஸிக்கும் கடன் வாங்கலாமா, வேலைக்கு அனுப்பலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால் மட்டும் எம்.எஸ்ஸி. அதையும் நுழைவுத்தேர்வு எழுதி, செலவு குறைந்த இடத்தில் சேர்வதே சரி. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் நடக்கும் எம்.எஸ்ஸி. படிப்புகளுக்கு காட்-பி தேர்வு உண்டு, சேர்ந்தால் மாதம் 5,000 உதவித்தொகை. எம்.எஸ்ஸிக்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000. அந்த எண்ணம் இல்லாமல், சும்மா இருக்க வேண்டாமே என்று இரண்டாவது கடனில் இறங்காதீர்கள்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு விதிப்படி மைக்ரோபயாலஜி பட்டமே போதும். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆளெடுக்கும், ஆனால் அறிவிப்பு அடிக்கடி வராது. அரசு மருத்துவமனை லேப் டெக்னீஷியன் வேலை வேறு, அதற்கு டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னாலஜி டிப்ளமா) போன்ற படிப்பைத்தான் கேட்பார்கள்.

மருந்து கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு என்றால் இன்டர்வியூவில் பாக்டீரியாவின் வரலாற்றைக் கேட்க மாட்டார்கள். மருந்தில் கிருமி இல்லையா என்று பார்க்கும் ஸ்டெரிலிட்டி டெஸ்ட் எத்தனை நாள் (14), அதில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் தயோகிளைக்கோலேட் மீடியத்தை எந்த வெப்பத்தில் வைப்பது (30 முதல் 35 டிகிரி), காற்றிலிருந்து விழும் கிருமியைப் பிடிக்கும் செட்டில் பிளேட்டை எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம் (நான்கு மணி நேரத்துக்கு மேல் கூடாது) என்றுதான் கேட்பார்கள். லாக் புக்கில் தவறாக எழுதிவிட்டால் என்ன செய்வாய் என்பதும் வரும். வெள்ளை மை பூசுவேன் என்றால் ஆள் அவுட். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும்.

கேள்வி: படிக்கும் காலத்து வட்டியை அரசே கட்டிவிடும் என்கிறார் கல்லூரி அலுவலர். உண்மையா?
- வாசகர், கரூர்

பதில்: பாதி உண்மை. வட்டியை முழுதாக ஏற்கும் மத்தியத் திட்டம், ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு. ஆனால் அது தொழிற்படிப்பு, தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. சாதாரண பி.எஸ்ஸி. பொதுவாக அதில் வராது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி என்னும் மத்தியக் கல்விக்கடன் திட்டத்தில் வருமான வரம்பு 8 லட்சம், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. இதிலும் உங்கள் கல்லூரி அதன் பட்டியலில் இருக்க வேண்டும், வேறு அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான் சலுகை, அதிலும் அரசு நிறுவனங்களில் படிப்பவர்களுக்கும் தொழில்நுட்பப் படிப்புகளுக்கும் முன்னுரிமை. அட்மிஷன் பணம் கட்டும் முன் போர்ட்டலில் கல்லூரிப் பெயரைத் தேடிப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் வட்டி முழுவதும் உங்கள் தலையில்தான்.