பந்து வருமுன் பாருங்கள்: பாஸ்கெட்பால் முடிவுகள் பற்றிக் கேள்வி பதில்

பாயிண்ட் கார்ட், 17 வயது: அண்ணா, நம்ம ஆள் என் டிஃபெண்டரை மறிச்சு நிக்கிற ஸ்க்ரீனைத் தாண்டினதும் ஷாட்டா, பாஸா, உள்ளே போறதான்னு குழம்பிடறேன். பிராக்டிஸ்ல நல்லா வருது, மேட்ச்ல வர்றதில்லை.

பிராக்டிஸில் டிஃபெண்டர் எப்போதும் ஒரே மாதிரி நிற்கிறார். நீங்கள் அசைவை மனப்பாடம் செய்திருக்கிறீர்கள், ஆளைப் பார்த்து முடிவெடுக்கப் பழகவில்லை. மேட்சில் எதிரணி மாற்றி நின்றதும் ஐந்து பேரையும் ஒரே சமயத்தில் பார்க்கப் போய், கண் எங்குமே நிற்பதில்லை.

மூன்று பேரை வரிசையாகப் பாருங்கள். முதலில் உங்களைக் காப்பவர். ஸ்க்ரீனுக்கு அடியில், அதாவது ரிங் பக்கமாகப் புகுந்து போனால் அங்கேயே ஷாட். ஒட்டிக்கொண்டு சுற்றி வந்தால் அடுத்தவர், அதாவது ஸ்க்ரீன் வைத்தவரின் டிஃபெண்டர். அவர் ரிங் பக்கமே தங்கினால் நடுத்தூர ஷாட் உங்களுடையது. ஏறி வந்து மறித்தால், பந்தை இரண்டாவது முறை தரையில் தட்டுவதற்கு (டிரிபிள்) முன், ரோல் போகிறவருக்கு, அதாவது ஸ்க்ரீன் வைத்துவிட்டு ரிங்கை நோக்கி ஓடுகிறவருக்குப் பாஸ். இருவரும் ஆள் மாறிக்கொண்டால் அவசரமே இல்லை, பின்வாங்கி வந்து, இப்போது உங்களைக் காக்கும் அந்த உயரமான ஆளைத் தனியாக எதிர்கொள்ளுங்கள். பாஸ் கையை விட்டுப் போகுமுன் மூன்றாமவர்: எதிர்ப்பக்கக் கார்னர் டிஃபெண்டர். ரோலை அடைக்க அவர் உள்ளே வந்துவிட்டால் பந்து அந்தக் கார்னருக்கு.

‘அவர் ஏறினால் நான் ரோலுக்கு’ என்ற மாதிரி எழுதி வையுங்கள். ஒரு மேட்சுக்கு மூன்று வரி போதும்.

பயிற்சி 3-க்கு 3. எப்படி மறிக்க வேண்டும் என்று கோச் டிஃபென்ஸுக்கு மட்டும் விரலால் காட்டட்டும். ஸ்க்ரீனுக்குப் பின் இரண்டே டிரிபிள். முடிவு சரியென்றால் ஷாட் தவறினாலும் 1 புள்ளி. முடிவு தவறென்றால் கூடை விழுந்தாலும் 0. பத்துக்கு ஒன்பது வர ஆரம்பித்தால் பயிற்சி சுலபமாகிவிட்டது, இன்னொரு டிஃபெண்டரைச் சேருங்கள்.

கல்லூரி வீரர்: தினமும் மெடிட்டேஷன் பண்ணினா முடிவு வேகமாகுமா?

பதற்றம் குறையலாம். கார்னர் டிஃபெண்டர் எங்கே நிற்கிறார் என்று அது சொல்லாது. பந்து வருமுன் பாருங்கள்.

பள்ளி கோச்: சார், என் டீம் பையன் ஒரு தடவை பந்தை எதிரணிகிட்ட விட்டா (டர்ன்ஓவர்) அடுத்த நாலு பந்தும் போயிடுது.

தவறை உடனே ஈடுகட்டப் பார்க்கிறான், அதனால் கஷ்டமான பாஸாகவே தேடுகிறான். வரிசை கொடுங்கள்: முதலில் ஓடிப்போய்த் தன் ஆளைப் பிடித்து அவர் நம்பரைச் சத்தமாகச் சொல்லட்டும். ஆட்டம் நின்றதும் ஒரு நீண்ட வெளிமூச்சு. அடுத்த தாக்குதலில் அவன் முதல் பாஸ் பக்கத்து ஆளுக்கு மட்டும். பெஞ்சிலிருந்து ‘யோசிச்சு ஆடு’ என்று கத்தாதீர்கள். எதை யோசிக்க?

ஃபார்வர்ட்: ஃப்ரீ த்ரோவுக்கு என்ன முடிவு எடுக்கணும்?

ஒன்றும் வேண்டாம். அது முடிவெடுக்கும் இடமே இல்லை. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதியில் 5 விநாடி; எப்போதும் அதே எண்ணிக்கை டிரிபிள், ஒரு வெளிமூச்சு, கை எழுமுன் ரிங்கின் ஒரே புள்ளியில் கண். ஆராய்ச்சியாளர் ஜோன் விக்கர்ஸ் 1996-இல் ஃப்ரீ த்ரோவில் ஆராய்ந்தது இந்த நிலைத்த பார்வையைத்தான்.

ரசிகர்: அமெரிக்க என்பிஏ லீக்கோட 2018 ஃபைனல்ஸ் முதல் ஆட்டம், கிளீவ்லண்ட் வீரர் ஜே.ஆர். ஸ்மித். அது பிரஷர்தானே?

பிரஷர் என்று சொல்லிவிட்டால் திருத்த ஒன்றும் மிஞ்சாது. 4.7 விநாடி மிச்சம், 107–107, சக வீரர் ஜார்ஜ் ஹில்லின் இரண்டாவது ஃப்ரீ த்ரோ தவறுகிறது, ஸ்மித் ரீபவுண்ட் எடுத்து, ஷாட் போடாமல் ரிங்கை விட்டு வெளியே டிரிபிள் செய்கிறார். ஓவர்டைமில் கிளீவ்லண்ட் 124–114 என்று தோற்றது. முன்னிலையில் இருப்பதாக அவர் நினைத்தார் என்றார் கோச் டைரான் லூ. சமன் என்று தெரியும், டைம்-அவுட் எடுப்போம் என்று நினைத்தேன் என்றார் ஸ்மித். யார் சொன்னது சரியானாலும், ‘ரீபவுண்ட் கிடைத்தால் என்ன?’ என்பது ஐவருக்கும் ஒன்றாகத் தெரிந்திருக்கவில்லை.

வேறொருவர்: அப்படின்னா 1993 அமெரிக்கக் கல்லூரி ஃபைனல்ல மிச்சிகன் வீரர் கிறிஸ் வெப்பர்? மிச்சிகனுக்கு டைம்-அவுட் மிச்சமில்லைன்னு தெரியாமலா இருந்திருக்கும்?

தெரிந்திருந்தாலும், கார்னரில் இருவர் மடக்கும்போது நினைவுக்கு வர வேண்டுமே. 11 விநாடி மிச்சம், 73–71 பின்தங்கல், இல்லாத டைம்-அவுட்டை வெப்பர் கேட்கிறார், தண்டனையாக டெக்னிகல் ஃபவுல். நார்த் கரோலினா 77–71. நெருக்கடியில் நினைவைத் தேட வைக்காதீர்கள், அதற்கு முன்பே சொல்ல வையுங்கள்.

அதே ரசிகர்: சுத்தி வளைச்சு நீங்களும் பிரஷர்னுதானே சொல்றீங்க!

இருக்கட்டும், மருந்து மாறவில்லை. இங்கே ஆடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஃபிபா விதியில் டைம்-அவுட் கேட்பது பெஞ்சின் வேலை, வீரர் கேட்க முடியாது. ரீபவுண்ட் எடுத்துப் பந்து ஆட்டத்தில் இருக்கும்போது கோச்சுக்கும் கிடைக்காது. வெப்பரின் தவறு இங்கே நடக்க வழியில்லை. ஸ்மித்தினுடையது தாராளமாக நடக்கும். ஆகவே கடைசி 2 நிமிடத்தில் ஒவ்வொரு விசிலுக்கும் ஒருவர் நான்கைச் சத்தமாகச் சொல்லட்டும்: ஸ்கோர், நேரம், டைம்-அவுட், டீம் ஃபவுல். ஃப்ரீ த்ரோ என்றால் ஐந்தாவதாக, ‘தவறினால் யார், என்ன’. மற்ற நால்வரும் திருப்பிச் சொல்ல வேண்டும், தலையாட்டல் செல்லாது.

புதியவர்: மைண்ட் வேகமாக ஏதாவது ஆப் இருக்கா, மெடிட்டேஷன் மாதிரி?

மேலே இரண்டாவது கேள்வி.