பி.கே. வெறும் பேச்சாளரா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தியக் கால்பந்து வீரரும் பயிற்சியாளருமான பி.கே. பானர்ஜி பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். ஆட்டக்காரராக அவர் சாதித்ததை யாரும் மறுக்க முடியாது. பயிற்சியாளராகவும் அவரை இந்த அளவுக்குத் தூக்கிவைக்க வேண்டுமா? பத்திரிகைகள் ‘வோக்கல் டானிக்’ என்று பெயர் சூட்டிய அந்த உணர்ச்சிகரமான பேச்சைத் தவிர அவரிடம் என்ன இருந்தது? பெரிய பெயரும் பெரிய கிளப்புகளும் இருந்தன, அதனால் வென்றார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கே.

அன்புள்ள கே.,

பெரிய கிளப்புகள் பி.கே.வுக்குப் பயிற்சியாளரான பிறகுதான் கிடைத்தன. ஆட்டக்காரராக அவர் கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளான மோகன் பகானுக்கும் ஆடவில்லை, ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடவில்லை. ஆரியன் கிளப்பில் தொடங்கி, 1967இல் ஓய்வுபெறும்வரை ஈஸ்டர்ன் ரயில்வேயிலேயே இருந்தார். அந்த ரயில்வே அணி 1958இல் கொல்கத்தா லீக்கை வென்றது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெரிய கிளப்புகளுக்கு வெளியே இன்னொரு அணி அதை வெல்ல 2019 ஆகிவிட்டது. இருப்பதை வைத்துக்கொண்டு பெரியவர்களை எப்படி வீழ்த்துவது என்பதை பி.கே. ஆட்டக்காரராக இருந்தபோதே கற்றுவிட்டார் என்றே நினைக்கிறேன்.

பேச்சைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தேசிய அணியில் அவருடைய ஆசான் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம், பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்ற அணி, இறுதிப்போட்டியில் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றது. முதல் கோல் பி.கே.வுடையது, இரண்டாவது ஜர்னைல் சிங்குடையது. ஜர்னைல் தடுப்பாட்டக்காரர். தலையில் காயத்தோடு இருந்த அவரை ரஹீம் முன்களத்துக்கு மாற்றியிருந்தார். இறுதிப்போட்டிக்கு முந்தைய இரவு வீரர்களிடம் அவர் தங்கத்தைப் பரிசாகக் கேட்டதை எல்லாரும் சொல்கிறார்கள். ஜர்னைலை முன்னால் நிறுத்திய கணக்கை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பி.கே.வுக்கும் இதேதான் நடந்தது. பேச்சு செய்தியானது, அதற்குப் பின்னால் இருந்த வேலை கண்ணில் படவில்லை.

அந்த வேலை என்ன என்பதற்கு சுபாஷ் பௌமிக்கைச் சொல்வேன். உடல் பருத்து, கதை முடிந்தது என்று பலர் ஒதுக்கிய ஆட்டக்காரர். 1973இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்த அவரைத் தனியாக உழைக்கவைத்து மீட்டெடுத்தார் பி.கே. இரண்டாண்டுகள் கழித்து கொல்கத்தாவின் பழைய கோப்பைப் போட்டியான ஐ.எஃப்.ஏ. ஷீல்டின் இறுதிப்போட்டியில் மோகன் பகானை 5-0 என்று நொறுக்கிய அணியில் பௌமிக்கும் இருந்தார். அடுத்த பருவத்தில் பி.கே. அதே மோகன் பகானுக்குப் பயிற்சியாளராகப் போனார்! 1977இல் ஈடன் கார்டன்ஸில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் 2-2 என்று சமன்செய்தது அவர் தயார்செய்த மோகன் பகான்தான். கிளப்பின் பெயரால்தான் வென்றார் என்றால், இரு பகைக் கிளப்புகளிலும் அது எப்படிப் பலித்தது?

உங்களைப் போன்றவர்கள் பேச்சையே நினைத்துக்கொள்ள 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி முக்கியக் காரணம். அப்போது பி.கே. மீண்டும் ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர். எதிரணிப் பயிற்சியாளர் அமல் தத்தா. அவரும் முன்னாள் இந்திய வீரர், இங்கிலாந்து போய்ப் பயிற்சி கற்றவர், நான் மிகவும் மதிக்கும் மூளை. அவருடைய மோகன் பகான் வைர வடிவ நடுக்களத்தோடு ஆடிவந்தது. ஆட்டத்துக்கு முன் அவர் ஈஸ்ட் பெங்கால் வீரர்களின் பெயர்களைக் கேலி செய்தார். சால்ட் லேக் அரங்கில் 1,31,000 பேருக்கு மேல் பார்க்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது; பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல். கேலியைத் தன் வீரர்களின் கோபமாக பி.கே. மாற்றினார் என்பது சரிதான். ஆனால் கோபம் மட்டும் நான்கு கோல் போடாது. வைர வடிவத்தில் நடுக்கள வீரர்கள் நடுவிலேயே குவிவதால், ஆட்டத்துக்கு அகலம் பக்கவாட்டுத் தடுப்பாட்டக்காரர்களிடமிருந்துதான் வரவேண்டும். அவர்கள் ஏறிப்போனால் பின்னால் இடம் திறக்கும். விங்கராகவே, அதாவது களத்தின் ஓரத்தில் ஓடும் முன்கள வீரராகவே வாழ்ந்த ஒருவருக்கு அந்த இடம் தெரியாமல் இருக்குமா?

ஒரு குறையை ஒத்துக்கொள்கிறேன். தேசிய அணியின் பயிற்சியாளராக அவருக்கு இதே வெற்றி கிட்டவில்லை. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் இன்னொரு பயிற்சியாளரான பாஷாவுடன் சேர்ந்து வெண்கலம் வாங்கித் தந்தார். 1982இல் டெல்லியில், சொந்த மண்ணில், காலிறுதியோடு முடிந்தது. அங்கே உங்கள் விமர்சனத்துக்கு இடமுண்டு.

பௌமிக் பின்னாளில் தானும் பயிற்சியாளரானார். 2003இல் ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கிளப் கோப்பையை வென்றபோது பயிற்சியாளர் அவர்தான். அந்தப் போட்டிக்கு அவர் அணியை எப்படித் தயார்செய்தார் என்பதைத் தேடி வாசியுங்கள், பி.கே. பற்றிய உங்கள் கேள்விக்கு என்னைவிட நல்ல பதில் அதில் இருக்கிறது.